ஹால்வரைக் கலைக்கும் மனு

ஹால்வரில் மேயர் பதவிக்கு யாரும் மனுத் தாக்கல் செய்வதில்லை. ஆகஸ்டில் கெடு முடிந்துவிடும். வாக்குச்சீட்டில் பதவியின் பெயர் இருக்கும். அதன் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். நவம்பரில் ஜனங்கள் வந்து அந்தக் கோட்டின் மேல் வென்டெல் ஹௌகன் என்று எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பதினொரு தடவை இப்படி நடந்துவிட்டது. எழுதுவதற்கு முன்னால் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், கேட்டவர் தலையில் அது விழும்.

ஊரில் நாற்பத்தொரு பேர். ஐந்து தெரு, எட்டு தெருவிளக்கு, ஒரு தானியக் கிடங்கு. சுற்றிலும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்கள், தட்டையாக, வானம் தொடும் வரை. சட்டப்படி இது ஒரு நகரம். மேயர் என்றால் குளிர்காலத்தில் பனி தள்ள வேண்டும். கோடையில் பூங்காப் புல்லை வெட்ட வேண்டும். பல்பு மாற்ற வேண்டும். மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சூறாவளிச் சங்கை ஊதிப் பார்க்க வேண்டும். நாய் குரைத்தாலும் மேயர் வீட்டுக்குத்தான் போன் வரும்.

அந்த வருஷம் மார்ச்சில் பதினாலு அங்குலம் பனி விழுந்தது. காலை ஏழு மணிக்கு லவான் அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பனி தள்ளும் நகரத்தின் பழைய கிரேடர் வண்டி அவள் வீட்டு முன்னால் எஞ்சின் ஓடியபடி நின்றது. வென்டெல் உள்ளே உட்கார்ந்திருந்தார், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு. நான்கு தெரு முடித்திருந்தார்.

ஆபரேஷன் நடந்தது. இதயத்தில் மூன்று இடத்தில் மாற்றுக் குழாய் வைத்தார்கள். ஏப்ரல் நடுவில் வீட்டுக்கு வந்தார். அவருக்கு அறுபத்தேழு வயது. பதினெட்டு கிலோ இளைத்திருந்தார்.

அவர் மனைவி ஆர்டிஸ் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. காலையில் நாற்பது பேருக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுபவள். வீட்டில் ஒருவருக்கு உப்பில்லாமல் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள்.

வென்டெல் கரண்டியால் கிளறிப் பார்த்தார். "பன்றி இறைச்சி ஒரு துண்டு, மணத்துக்காவது…"

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"என்ன சொன்னாரு, சொல்லு பாப்போம்."

"உப்பு கூடாதுன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நீ பேசின. அவரு பேசல."

"கிரேடர்ல ஏறவே கூடாதுன்னாரு. அந்த ஸ்டியரிங்க இழுக்கிற இழுப்புக்கும் அந்தக் குளிருக்கும் இன்னொரு தடவை தாங்காதுன்னாரு."

"இப்ப ஏப்ரல், ஆர்டிஸ். பனி எங்க இருக்கு?"

"நவம்பர்ல வரும். நவம்பர்ல எலெக்‌ஷனும் வரும்."

"இந்தத் தடவை வேற பேரு எழுதுவாங்க."

"யாரு பேரு?"

வென்டெல் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு டெல்மருக்கு முழங்கால் சரியில்லை. முப்பது வருஷமாகச் சரியில்லை. லவான் அம்மாளுக்கு எண்பத்தொன்று. ரயில் பாதைப் பக்கம் புதிதாக வந்த தம்பதிக்கு என்ன பெயர் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

"எழுதினா மாட்டேன்னு சொல்லு," என்றாள் ஆர்டிஸ்.

"எப்படிச் சொல்றது?"

"வாயத் திறந்து சொல்றது."

"யாராச்சும் கேட்டாத்தான மாட்டேன்னு சொல்லலாம்? ஒருத்தரும் கேக்கறதில்லையே."

கஞ்சி ஆறியது. அவர் பாதி குடித்தார். குடித்து முடித்ததும் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, தெருவோர மழைநீர்க் கால்வாயில் பனி உருகி ஓடுகிறதா என்று பார்க்கப் போனார். ஒரு கையில் மண்வெட்டி இருந்தது. ஆர்டிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை இந்தக் குளிர்காலத்துக்கு அப்புறமும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கு அவர் உதவப் போவதில்லை.

நகரச் செயலாளர் ஜோலினின் அலுவலகம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அன்று சாயங்காலம் ஆர்டிஸ் அங்கே போய் உட்கார்ந்தாள்.

"ஜோலின், இந்த ஊர இழுத்து மூடணும்னா என்ன செய்யணும்?"

ஜோலின் சிரித்தாள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. ஜோலின் சிரிப்பை நிறுத்தினாள்.

"மூடறதுன்னா?"

"நகரமா இருக்க வேண்டாம். வீடு இருக்கட்டும், ஜனங்க இருக்கட்டும். மேயர், கவுன்சில், கிரேடர், இதெல்லாம் வேண்டாம். அந்தக் கோடு இருந்தாத்தான இவரு பேர எழுதுவாங்க? கோடே இல்லாம பண்ணணும்."

ஜோலின் அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தாள். அது அங்கே பூத்தொட்டிக்கு அடியில் இருந்தது. விரலை வைத்து வாசித்தாள். "போன நகரத் தேர்தல்ல எத்தன பேரு ஓட்டு போட்டாங்களோ, அதுல மூணுல ஒரு பங்கு கையெழுத்து வேணும். முப்பத்தி மூணு பேரு போட்டாங்க. அப்ப பதினொண்ணு. கையெழுத்து வந்தா ஓட்டெடுப்பு. பாதிக்கு மேல 'கலைக்கலாம்'னா முடிஞ்சது. தெருவெல்லாம் சுத்தி இருக்கிற டவுன்ஷிப் நிர்வாகத்து கைக்குப் போயிரும். அவங்ககிட்ட பெரிய வண்டி இருக்கு, சம்பளத்துக்கு ஆளும் இருக்கு."

"அவ்வளவுதானா?"

"நான் நெனச்சதவிட லேசாத்தான் இருக்கு. கல்யாணத்த முறிக்கிறதுதான் இதவிடக் கஷ்டம். நான் பண்ணியிருக்கேன்." ஜோலின் நிமிர்ந்தாள். "தனியா ஒரு ஓட்டெடுப்பு வச்சா மே கடைசிக்குள்ள முடிச்சிரலாம்."

"ஒரே ஒரு கேள்விக்கு ஓட்டுச்சாவடில நாள் பூரா மூணு பேர உக்கார வைக்கணுமா? தனியா சீட்டு அடிக்கணுமா? நவம்பர்ல எப்படியும் ஓட்டு இருக்கு. அதுலயே சேத்துரு. என்ன அவசரம்? பனி டிசம்பர்லதான கனமா விழும்."

"அதுவும் சரிதான்."

எங்கள் பக்கத்தில் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப்போடுவார்கள். ஒரு வேலைக்கு இரண்டு தடவை அடுப்பு மூட்டுவது யாருக்கும் பிடிக்காது. ஜோலின் புத்தகத்தை மூடிப் பூத்தொட்டியை மறுபடி அதன் மேல் வைத்தாள்.

ஆர்டிஸ் கையெழுத்துக்குப் போனாள். வேலை முடிந்து வரும் மத்தியானங்களில், ஒரு நாளைக்கு ஒரு வீடு. அதற்கு மேல் முடியாது. எந்த வீட்டிலும் போனவுடன் விஷயத்தைச் சொல்ல முடியாது. காபி வேண்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொஞ்சமாக என்பார்கள். சிரமம் எதற்கு என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை சரி எனலாம். அப்புறம் வானிலை. அப்புறம் வயலில் ஈரம் காய்ந்ததா என்பது. தட்டில் பேரீச்சம்பழம் வைத்த இனிப்புத் துண்டுகள். நாற்பது நிமிஷம் கழித்து, எழுந்து கதவுப் பிடியில் கையை வைத்த பிறகுதான் வந்த காரியத்தைப் பேசலாம்.

லவான் அம்மாள் வீட்டில் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு ஆர்டிஸ் சொன்னாள்.

"ஊர மூடறதா?" லவான் அம்மாள் காதில் கருவியைத் திருகினாள். "அப்ப சூறாவளி வந்தா சங்க யாரு ஊதுவா?"

"இப்பவே அது மாவட்ட ஆபீஸ்லேருந்துதான் ஊதுது, லவானம்மா. இவரு போயி ஊதுதான்னு பாக்கறதோட சரி."

"பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

"நீங்க பாருங்க. உங்களுக்குக் கேட்டுச்சுன்னா எல்லாருக்கும் கேக்கும்."

லவான் அம்மாள் கருவியிலிருந்து கையை எடுத்தாள். "அன்னைக்கு அவன் தலையைக் கவுத்துகிட்டு உக்காந்திருந்தப்ப, நான் நெனச்சேன், இவன் என் வீட்டு வாசல்லயா செத்துப்போகணும்னு. அப்புறம் அப்படி நெனச்சதுக்காக அழுதேன்." பேனாவைக் கேட்டாள். அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

டெல்மர் ஸ்டென் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். டெல்மரின் தாத்தாதான் ஹால்வரின் முதல் மேயர். மரச்சட்டம் போட்ட அவர் படம் சுவரில் இருந்தது. டெல்மர் காபியை இரண்டு தடவை நிரப்பினார். கதவருகில் அவள் சொன்னதும் முகம் சுருங்கியது.

"நூத்திப் பதினாலு வருஷம் ஆர்டிஸ்."

"தெரியும்."

"நாளைக்கு ரோட்டுல போறவன் இது என்ன ஊருன்னு கேட்டா என்ன சொல்றது?"

"ஹால்வர்னு சொல்லு. பேரயா மூடறோம்?"

"போர்டுல 'நகரம்'னு இருக்காதே."

"இருபத்திரண்டு வருஷமா அவரு நகரமா இருந்தாரு, டெல்மர். உன் தெருவத் தள்ளினாரு. உன் முழங்காலுக்காக உன் வண்டிப்பாதையையும் சேத்துத் தள்ளினாரு. நீ ஒரு தடவை அந்த வண்டில ஏறியிருக்கியா?"

டெல்மர் தரையைப் பார்த்தார். சொந்தச் சமையலறையில், நேருக்கு நேராக முடியாது என்று சொல்லும் மனிதர் எங்கள் பக்கத்தில் பிறக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். பதினொன்றாவது.

மறுநாள் காலை தானியக் கிடங்கு அலுவலகத்தில் ஒன்பது மணிக் காபியில் அவர் எல்லாரிடமும் சொன்னார்: "கையெழுத்து வேற, ஓட்டு வேற. ஓட்டு எனக்கும் பென்சிலுக்கும் நடுவுல." எல்லாரும் தலையாட்டினார்கள். வென்டெலும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவரும் தலையாட்டினார். பிறகு டெல்மர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் மேயரே, வீட்டுல உன் பேச்சு எடுபடல போலருக்கே?"

"உன் வீட்டுல எடுபட்டுச்சா? நீதான கையெழுத்து போட்ட?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டெல்மரும் சிரித்தார்.

வீட்டில் வென்டெல் சிரிக்கவில்லை. கோடை முழுக்க அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பூங்காப் புல்லை உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்தில் வெட்டினார். அது டாக்டர் கூடாது என்ற வேலைகளின் பட்டியலில் இல்லை. பல்பு மாற்ற ஏணியில் ஏறினார். அது பட்டியலில் இருந்தது. ஆர்டிஸ் ஏணியைத் தன் காரின் மேல் கட்டிக்கொண்டு தினமும் வேலைக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் எல்லாரும் ஏன் என்று கேட்டார்கள். "ஜன்னல் தொடைக்க," என்றாள்.

அக்டோபரில் கிழங்கு அறுவடை தொடங்கியது. இரவும் பகலும் லாரிகள் ஓடின. சாலையெல்லாம் சேறு, காற்றில் ஈர மண்ணும் கிழங்கின் இனிப்பு நாற்றமும். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வென்டெல் லாரி ஓட்டப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து லாரிகளின் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சேர்த்து வேக வைத்த தட்டை நடுவில் வைத்தாள்.

"நான் மேயரா இருந்தப்பத்தான் ஊரு மூடிச்சுன்னு சொல்லுவாங்க," என்றார் திடீரென்று.

"சொல்லட்டும்."

"எங்கப்பா பண்ணை போச்சு. நானிருந்தப்பத்தான் போச்சு. இப்ப இது."

ஆர்டிஸ் உட்கார்ந்தாள். அவர் இதைச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"பண்ணை போனதுக்கு வட்டி காரணம். நீ காரணமில்ல."

"பனி தள்ளும்போது எனக்கு நல்லாருக்கும் ஆர்டிஸ். ஊர்ல எல்லாரும் தூங்கிகிட்டிருப்பாங்க. திரும்பிப் பாத்தா தெரு சுத்தமா இருக்கும். வேற என்ன வேலைல அப்படித் திரும்பிப் பாக்க முடியும்?"

"நீ செத்துப்போனா நான் எதத் திரும்பிப் பாக்கறது?"

ஒரு லாரி போனது. யாருடையது என்று அவர் சொல்லவில்லை.

"நீயும் எனக்கு எதிரா ஓட்டு போடலாம்," என்றாள் அவள். "நான் கேக்கமாட்டேன். ஆனா நிறுத்தமாட்டேன்."

நவம்பர் ஐந்தாம் தேதி தானியக் கிடங்கு அலுவலகத்தில் ஓட்டுப் போட்டார்கள். கிடங்கின் முன்னால் காற்று ஊளையிட்டது. வென்டெல் உள்ளே போய்ச் சரியாக இரண்டு நிமிஷம் இருந்தார். ஆர்டிஸ் ஒரு நிமிஷம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நகர மன்றத்தில் முடிவை முறைப்படி வாசித்தார்கள். மன்றம் என்பது பழைய தீயணைப்புக் கொட்டகை. ஒரு பாதியில் கிரேடர் நின்றது. மீதிப் பாதியில் மடக்கு நாற்காலிகள், ஒரு பெரிய காபிப் பானை, ஆறு விதமான இனிப்புத் துண்டுகள். இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் காகிதங்களோடு வந்திருந்தார். அவருக்கும் மூன்று தடவை காபி வேண்டுமா என்று கேட்டார்கள்.

ஜோலின் எழுந்து வாசித்தாள். "ஹால்வர் நகரத்தைக் கலைக்கலாம்: பத்தொன்பது. கலைக்க வேண்டாம்: பதினஞ்சு."

யாரும் கை தட்டவில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் மூக்கைச் சிந்தினார். ஆர்டிஸ் மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள்.

"மேயர்," என்று தொடர்ந்தாள் ஜோலின், "எழுதின பேரு, வென்டெல் ஹௌகன். முப்பத்தொண்ணு."

"அதுவும் எழுதிட்டாங்களா?" என்றாள் ஆர்டிஸ்.

"கோடு இருந்துச்சே," என்றாள் லவான் அம்மாள், ரொம்ப இயல்பாக. "காலியா விட்டா நல்லாவா இருக்கும்?"

இப்போது சிரித்தார்கள். ஆர்டிஸும் சிரித்தாள். மூடப்போகும் ஊருக்கு மேயர். அது ஒரு பொம்மைப் பதவி. கழுத்துப்பட்டிக்காரர் மட்டும் சிரிக்காமல் காகிதத்தைத் திருப்பினார்.

"வாழ்த்துகள் மிஸ்டர் ஹௌகன்," என்றார். "அப்ப ஜனவரிலேருந்து மே அஞ்சு வரைக்கும் உங்க பதவிக்காலம்."

"மே அஞ்சா?"

"ஓட்டெடுப்பு நடந்த நாள்லேருந்து ஆறு மாசம் கழிச்சுத்தான் நகரம் இல்லாமப் போகும். சட்டம் அப்படி. அதுவரைக்கும் நகரந்தான். தெருவெல்லாம் உங்க பொறுப்புதான். டவுன்ஷிப் வண்டி மே அஞ்சுக்கு முன்னால உள்ள வராது."

ஜோலின் முகம் வெளுத்தது. "சட்டப் புத்தகத்துல அடுத்த பக்கத்துல இருந்திருக்கும்," என்றாள் மெதுவாக. "ஆர்டிஸ், மேயிலயே வச்சிருந்தா… இந்த மாசக் கடைசியில முடிஞ்சிருக்கும்."

ஆர்டிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போட வேண்டிய அவசியமே இல்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஒரு பனிக்காலம் முழுசாக, ஒரு நாள் குறையாமல், அவர் தலையில் தானே எடுத்து வைத்திருக்கிறாள். மூன்று பேரை ஒரு நாள் உட்கார வைக்கும் செலவை மிச்சம் பிடிக்க.

வென்டெல் அவள் தோளில் கை வைத்தார். "பரவால்ல விடு. ஒரு குளிர்காலந்தான். பாத்துக்கறேன்."

அந்தக் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. அதுதான் அவளை எழுப்பியது.

சுவரில் கிடங்குக்காரர்கள் கொடுத்த நாட்காட்டி தொங்கியது, கடைசித் தாளில் அடுத்த வருஷ மாதங்களோடு. அதைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஜோலின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். நவம்பரின் மேல் எழுதத் தொடங்கினாள். கொட்டகையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"என்ன எழுதற?" என்றார் டெல்மர்.

"பேரு."

"யாரு பேரு?"

"உன் பேரு. முதல் பனி உனக்கு. டிசம்பரும் உனக்குத்தான்."

"நானா? என் முழங்கால்…"

"கிரேடர்ல உக்காந்துகிட்டுத்தான் ஓட்டணும். நடக்க வேண்டாம்."

"ஒரு வார்த்தை கேக்காம எழுதறியே!"

"ஆமா," என்றாள் ஆர்டிஸ். எழுதிக்கொண்டே போனாள். ஜனவரிக்குக் கிடங்கு மேலாளர். பிப்ரவரிக்கு நிமிர்ந்து, கடைசி வரிசையில் கதவோரம் நின்ற இளம் தம்பதியைப் பார்த்தாள். "உங்க பேரு என்னங்க?"

"கோடி," என்றான் அவன். "இவ டெஸ்."

"கோடி, டெஸ், பிப்ரவரி." எழுதினாள். "மார்ச் நானு. ஏப்ரல் ஜோலின்."

"எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது," என்றாள் ஜோலின்.

"மார்ச்சுக்குள்ள தெரிஞ்சிரும். லவானம்மா, நீங்க நாலு மணிக்கு எந்திரிப்பீங்கல்ல? பனி விழுந்திருந்தா, அந்த மாசத்து ஆளுக்கு அஞ்சு மணிக்கு போன் போட்டு எழுப்பணும். எந்திரிக்கிற வரைக்கும் விடக் கூடாது."

"அது நான் பாத்துக்கறேன்," என்றாள் லவான் அம்மாள், டெல்மரைப் பார்த்தபடி. ஆறு மாதத்தில் அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் வந்ததில்லை.

யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தெரியாத வார்த்தை. டெல்மர் போய் ஒரு இனிப்புத் துண்டை எடுத்துக் கடித்தார். பிறகு கிரேடரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், விலைக்கு வந்த மாட்டைப் பார்ப்பதுபோல.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி காலையில் ஒன்பது அங்குலம் பனி கிடந்தது. வெப்பம் சுழியத்துக்குக் கீழே பதினொன்று. ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு டெல்மர் வீட்டில் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. ஐந்தே முக்காலுக்குக் கொட்டகையிலிருந்து கிரேடர் வெளியே வந்தது, பனி தள்ளும் இரும்புப் பிளேடைத் தூக்கியபடி.

வென்டெல் ஜன்னலில் நின்றார். பூட்ஸ் போட்டிருந்தார்.

"பிளேட எறக்கல. பாரு, எறக்காமயே போறான்."

"முட்டை ஆறுது, உக்காரு."

"இப்ப எறக்கிட்டான். ஐயோ, ரொம்ப எறக்கிட்டான். திருப்பு, திருப்பு… லவானம்மா தபால் பெட்டி போச்சு."

போன் அடித்தது. ஆர்டிஸ் எடுத்தாள். "மேயர் இருக்காரா?" என்றாள் லவான் அம்மாள்.

"இருக்காரு. சாப்பிடறாரு. டெல்மர் பெட்டிய இடிச்சதுன்னா டெல்மர்கிட்டச் சொல்லுங்க." போனை வைத்தாள்.

ஏழு மணிக்கு முன்னால் கிரேடர் அவர்கள் வாசலைக் கடந்தது. உள்ளே டெல்மர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். திட்டுகிறாரா பாடுகிறாரா என்று தெரியவில்லை. தெரு வளைந்து வளைந்து சுத்தமாயிற்று. ஆனால் பிளேடு ஒதுக்கிய பனி முழுக்க அவர்கள் வீட்டு வண்டிப்பாதையின் வாயில் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து நின்றது.

வென்டெல் கதவோரம் போய்ப் பனிவாரியை எடுத்தார். ஆர்டிஸ் அதன் மறுமுனையைப் பிடித்தாள். அவர் விடவில்லை.

"ஆர்டிஸ், நான் மேயர்."

"மே அஞ்சு வரைக்கும். குடு."

அவர் கை தளர்ந்தது. அவள் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். அவர் உட்காரவில்லை. ஆனால் வாசற்படியைத் தாண்டவும் இல்லை.

அவள் குவியலின் இடது ஓரத்திலிருந்து தொடங்கினாள். முதல் வாரியை நிறைய அள்ளித் தூக்கினாள். கனம் அதிகம். இரண்டாவதைப் பாதியாக அள்ளினாள்.